நமுத்த நிழலில் வல்லாரை வளர்ப்பது எப்படி?

கோவில்பட்டிக்காரர்களுக்காகச் செடி வளர்ப்புக் குறிப்பு எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 'தினமும் தண்ணீர் ஊற்றவும்' என்ற வரி வந்ததும் வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். அதற்குப் பிறகு நான் என்ன எழுதினாலும் தப்பென்று சொல்ல ஆள் இருக்காது. அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வளர்க்கப்போவது வல்லாரை. வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், குளத்தங்கரை என்று கால் வைத்தால் பொத்பொத்தென்று ஊறுகிற இடத்தில் தானாகப் படர்கிற கொடி. ஒருமுறை பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். தரையோடு தரையாக ஓடி கணுவுக்குக் கணு வேர் விடும். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுச் சம்பல் செய்கிறார்கள். கொரியாவில் முகத்துக்குப் பூசுகிறார்கள். கோவில்பட்டியில் மாசி மாதம் பிறந்ததும் பிள்ளைகளின் வாயில் திணிக்கிறோம். பொதுத்தேர்வு வருகிறதல்லவா, சரஸ்வதிக் கீரை.

லின்னேயஸ் 1753-இல் இதற்குப் பெயர் வைத்தபோது 'ஹைட்ரோகோட்டைல்' என்றார். 'ஹைட்ரோ' என்றால் தண்ணீர். 1879-இல் உர்பன் என்ற ஜெர்மானியர் அதை மாற்றி 'சென்டெல்லா' பேரினத்தோடு சேர்த்துவிட்டார். பெயரில் இருந்த தண்ணீரையே எடுத்துவிட்டார்கள், ஆகவே இனிமேல் நம்மூரிலும் வளர்க்கலாம் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். இந்த முயற்சிக்கான அறிவியல் அடிப்படை இவ்வளவுதான்.

தோட்டக்கலைப் புத்தகங்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன. ஈரமான, நிழலான தோட்டத்தில் வல்லாரை எளிதாக வளரும். நல்ல வாக்கியம். இதில் ஈரம், நிழல், தோட்டம், எளிது என்ற நான்கு சொற்களை நீக்கிவிட்டால் மிச்சம் முழுவதும் நமக்குப் பொருந்தும்.

ஈரத்திலிருந்து தொடங்குவோம். இந்த ஊர் ஈரத்துக்கு விரோதமாகவே பிழைத்து வந்த ஊர். கல்கத்தா போய்த் தொழில் படித்துத் திரும்பிய சிவகாசிக்காரர்கள் 1920-களில் ஆரம்பித்த தீப்பெட்டித் தொழில் இந்தப் பக்கமெல்லாம் பரவியதற்குக் காரணம் வேறென்ன? கல்கத்தாவில் படிக்கலாம், குச்சியைக் காயப்போட இங்கேதான் வரவேண்டும். இன்னொரு தொழில் கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடே வாங்கியாகிவிட்டது. இரண்டு தொழிலுக்கும் பொதுவான ஒரே வசவு 'நமுத்துப் போச்சு'. தீப்பெட்டி நமுத்தால் பற்றாது. மிட்டாய் நமுத்தால் பல்லில் ஒட்டும். அப்பளம் நமுத்தால் சம்பந்தி முகம் சுளிப்பார். மூன்று தலைமுறையாக வீட்டில் எதுவும் நமுத்துவிடக் கூடாது என்று பாடுபட்ட குடும்பத்தில், வேண்டுமென்றே ஒரு மூலையை நமுக்கவைக்க நீங்கள் கிளம்புகிறீர்கள். வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காற்றிலும் ஈரம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து செங்கோட்டைக் கணவாய் வழியாக அடித்து நொறுக்கிக்கொண்டு வரும் காற்று, தன்னிடம் உள்ள மழையை எல்லாம் குற்றாலத்தில் இறக்கிவிடும். பிறகு வெறுங்கையோடு கயத்தாறுப் பக்கம் வந்து காற்றாலைகளைச் சுற்றிவிட்டு, நம் வீட்டுக் கொடியில் கிடக்கும் வேட்டியைப் பத்தே நிமிஷத்தில் காயவைத்துவிட்டுப் போகும். வேட்டிக்கு நல்லது. வல்லாரை இலையும் அதே பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு எழுநூறு மில்லிமீட்டர் சொச்சம் மழை நமக்கும் உண்டு. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிட்டு மீதி மாதங்களுக்கு லீவு போட்டுவிடுகிறது.

ஆகவே வீட்டுக்குள்ளேயே ஈரம் தேடவேண்டும். அதற்கு ஒரு எளிய முறை: சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். 'ஸ்ஸ்' என்று சொல்லாமல் எங்கே நிற்க முடிகிறதோ அதுவே உங்கள் ஈரநிலம். என் வீட்டில் இப்படி இரண்டு இடம் தேறியது.

ஒன்று, அங்கணக்குழி. பாத்திரம் விளக்கிய தண்ணீர் வெளியே விழும் இடம். பாசி பிடித்து, குளிர்ச்சியாக, சுவர் நிழலில், பார்த்தால் குற்றாலத்துக்குச் சின்ன வீடு மாதிரி இருக்கும். ஆசைப்பட்டுவிடாதீர்கள். வல்லாரைக்கு ஒரு குணம் உண்டு: மண்ணில் ஈயம், காட்மியம் என்று எது கிடந்தாலும் மறுக்காமல் உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். சாக்கடை ஓரம் கொழுகொழுவென்று நிற்கும் வல்லாரையைப் பறித்து வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு ஞாபகசக்தி வருகிறதோ இல்லையோ, பழைய பேட்டரியின் ஞாபகம் எல்லாம் உள்ளே போய்விடும். சோப்புத் தண்ணீர் வேறு. அங்கணக்குழியில் வாழை வையுங்கள். நம் ஆட்கள் காலகாலமாக அதைத்தான் வைத்தார்கள்.

மற்றொன்று, ஏசியின் வெளிப்பெட்டிக்குக் கீழே. இது எனக்கு ஞானோதயம் மாதிரி தோன்றியது. உப்பில்லாத, சுண்ணாம்பில்லாத, மழைத்தண்ணீருக்குச் சமமான தண்ணீர் சும்மா சொட்டிக்கொண்டிருக்கிறது. வாளி வைத்தேன். மறுநாள் காலையில் ஒரு டம்ளர் இருந்தது. தூத்துக்குடியில் என் சகலபாடி வீட்டு ஏசியில் இரண்டு வாளி பிடிக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் ஏசி புதிதாகத் தண்ணீரை உண்டாக்குவதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தைத்தான் பிழிகிறது. அங்கே கடற்காற்று. இங்கே எதைப் பிழிவது? கரும்புச் சக்கையை ஐந்தாவது தடவை மிஷினில் விட்ட கதைதான். இருந்தாலும் அந்த ஒரு டம்ளரை விடாதீர்கள். சுத்திகரிப்பு மிஷின் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நல்ல தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் வந்து சேர்ந்திருக்கும். ஒரு வாரத்தில் தொட்டி ஓரம் வெள்ளை பூத்து, மண் பார்க்க விபூதித் தட்டு மாதிரி ஆகிவிடும்.

அடுத்து நிழல். கோவில்பட்டியில் நிழல் என்று ஒன்று இருந்தால் அங்கே ஏற்கெனவே ஒரு பைக், ஒரு நாய், ஒரு தாத்தா இருப்பார்கள். வல்லாரைக்கு நாலாவது டோக்கன். வேப்பமரத்தடி நல்ல நிழல்தான். ஆனால் நீங்கள் ஊற்றும் தண்ணீர் வல்லாரைக்குப் போகும் முன் வேம்பின் வேர் அதைக் குடித்துவிடும். நான் தேர்ந்தெடுத்தது மாடிப்படிக்குக் கீழே, வடக்குப் பார்த்த இடம். காலையில் ஒரு மணி நேரம் சாய்வாக வெயில், அப்புறம் நாள் முழுக்க மங்கல். வல்லாரைக்குக் கும்மிருட்டு ஆகாது. பாதி நிழல்தான் பிடிக்கும். அங்கே இருந்த பழைய சைக்கிளை அப்புறப்படுத்த மூன்று நாள் குடும்பப் பேச்சுவார்த்தை நடந்தது. அது இந்தக் கட்டுரைக்கு வெளியே உள்ள விஷயம்.

இப்போது மண். இதில்தான் நமக்குப் பெருமை இருக்கிறது. பக்கத்து இடைசெவல் ஒன்றே ஊரில் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்று இரண்டு சாகித்திய அகாதமி விளைந்த பூமி. ஒரு கீரை விளையாதா என்று எனக்கும் தோன்றியது. விளையாது. காரணம் சொல்கிறேன். கரிசல் தண்ணீரைப் பிடித்து வைப்பதில் கெட்டிக்காரி. கார்த்திகையில் குடித்ததை வைத்துக்கொண்டு தையில் பனியோடு பனியாகப் பருத்தியையும் கொண்டைக்கடலையையும் தேற்றிவிடுவாள். ஆனால் பிடித்து வைப்பது ஒன்று, கொடுப்பது வேறொன்று. அவ்வளவு பொடியான களிமண் துகள்களில் தண்ணீர் இறுக்கமாக ஒட்டிக்கிடக்கும். ஆணிவேர் போட்டு மன்றாடத் தெரிந்த செடிக்குக் கொஞ்சம் கிடைக்கும். வல்லாரைக்கு மேலாக ஓடுகிற வேர். அதற்கு மன்றாடிப் பழக்கமில்லை, வாய்க்கால் ஓரத்துப் பிள்ளை.

வெயில் ஏறியதும் கரிசல் சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். போனமுறை ஒரு வீட்டுச் சாவி போய்விட்டது. மேல் மண் வெடிப்புக்குள் உதிர்ந்து, மழையில் உப்பி, உள்ளிருந்ததை மேலே தள்ளி, தன்னைத்தானே புரட்டிப்போட்டுக்கொள்ளும். வீட்டுச் சுவரையே இரண்டாகப் பிளக்கிற மண், நூல் மாதிரி ஓடும் வல்லாரைத் தண்டை என்ன பாடு படுத்தும்? போதாக்குறைக்குச் சுக்கான் கலந்த காரமண். 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் நம்மூரிலேயே இருக்கிறது. நூற்றாண்டுக்கு மேலாக மானாவாரிப் பருத்தி, சோளம் என்று மழையை நம்பிய பயிர்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். அங்கே போய், "ஐயா, சதுப்பு நிலத்துக் கீரைக்கு யோசனை சொல்லுங்கள்" என்று கேட்க இரண்டு தடவை கேட் வரை போனேன். பிறகு மனசாட்சி உறுத்தித் திரும்பிவிட்டேன்.

எனவே தரையில் நடாதீர்கள். தூத்துக்குடியிலிருந்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சூடு ஏறாது, ஈரம் இறங்காது. அடியில் ஓட்டை போடாமல், பக்கவாட்டில் அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் ஒரே ஒரு ஓட்டை போட வேண்டும். அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். பாதி செவல் மண், கால் பாகம் கண்மாய்க் கரம்பை, கால் பாகம் மக்கிய சாணி. இந்த ஒரு பத்தி மட்டும் விளையாட்டில்லை. அப்படியே செய்தால் செடி பிடிக்கும். பெட்டியைக் கழுவாமல் வைத்துவிட்டால் தெருப் பூனைகள் எல்லாம் இரவில் வந்து மண்ணைத் தோண்டி மீன் தேடும் என்பதையும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

நாற்று வாங்கும்போது கவனம் வேண்டும். நான் முதலில் ஒரு நர்சரியில் வாங்கி வந்தது நல்ல வட்டமாக, மினுமினுவென்று, காசு மாதிரி இலை. இருபது நாள் பாலூட்டி வளர்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அது மீன்தொட்டி அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த வேறு செடி. சோதனை சுலபம். இலைக்காம்பு இலையின் நட்ட நடுவில், குடைக்குக் கம்பி மாதிரிச் சேர்ந்தால் அது போலி. இலை சிறுநீரக வடிவில், அடியில் பிளந்து, அந்தப் பிளவில் காம்பு சேர்ந்தால் வல்லாரை. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் இனி உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. எனக்கு அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் தனி கர்வமே வந்துவிட்டது.

நடவுக்காலம் ஐப்பசி. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால் மாசியில் பரீட்சை அட்டவணையைப் பார்த்ததும் வல்லாரை நடுகிறார்கள். தண்டு ஓடி, இலை பறிக்கும் பதம் வர இரண்டு மூன்று மாசம் பிடிக்கும். பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பம் போடும்போது கீரை தயாராக இருக்கும்.

இனிமேல்தான் கஷ்டமான பாகம். தண்ணீர் ஊற்றுவது.

தாமிரபரணித் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக நமக்கு வருகிறது. எங்கள் தெருவுக்கு அது வருகிற நாள் ஒரு திருநாள். எப்போது வரும் என்று தெரியாது; வந்தால் தெருவே தெரிந்துகொள்ளும். குடம், அண்டா, டிரம், பழைய ஊறுகாய் ஜாடி வரை வரிசையில் நிற்கும். அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்த் திங்கிற வயிறில்லாத, சூடுகிற பூவில்லாத ஒரு கொடிக்கு ஊற்றுவது என்றால் அதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். புத்தகத்தில் 'காலை மாலை தெளிக்கவும்' என்று இருக்கிறது. யார் முன்னால் தெளிப்பது என்று அதில் இல்லை.

நான் இருட்டிய பிறகு ஊற்றிப் பார்த்தேன். செம்பைத் துண்டால் மூடி எடுத்துப்போவேன். நாலாவது நாள் பக்கத்து வீட்டு மதினி கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன கொழுந்தனாரே, இருட்டுல படிக்கட்டுக்கு அடியில என்ன தோண்டுறீக?"

"தோண்டலை மதினி. கீரைக்குத் தண்ணி."

"எந்தத் தண்ணி?"

இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஏசித் தண்ணி' என்றால் மரியாதை. 'அரிசி களைந்த தண்ணி' என்றால், "அதை மாட்டுக்கு வச்சா பால் குடுக்கும், இது என்ன குடுக்கும்?" என்று வரும். 'குழாய்த் தண்ணி' என்று மட்டும் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிவிட்டேன். மதினி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்விட்டார். மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கடன் கேட்டபோது, "கீரைக்கு ஊத்துனது போக மிச்சம் இருக்குமில்ல?" என்றார். அந்த ஊமைக்குத்து ரொம்ப நாள் இருந்தது. குடம் சுமந்த இடுப்புக்குத்தான் ஒரு செம்பின் எடை தெரியும். செம்பு மட்டும் தூக்கிய எனக்கு எங்கே தெரியும்? அதற்குப் பிறகு ஏசி டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன்.

ஐப்பசி மழை வந்தபோது நிலைமை மாறியது. மூன்று நாள் அடைமழை. வாசலுக்குப் போய்த் திரும்பினால் இரண்டு காலும் இரண்டு கிலோ கூடியிருந்தன. வல்லாரை பெட்டியைத் தாண்டி வழிந்தது. அந்த ஒரு மாசம் நான் தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். மார்கழியில் பாதி மஞ்சளானது. தை பிறந்து காற்று வறண்டதும் பெட்டிக்குள் இருந்தது கொடியா, அறுந்த சணல் நூலா என்று சொல்ல முடியாத நிலை.

ஆனால் வாசகர்களே, மனம் தளரக் கூடாது. மாசியில் ஒரு நாள் பார்க்கிறேன், பெட்டிக்கு வெளியே, படிக்கட்டைத் தாண்டி, வெறும் கரிசல் தரையில், வெடிப்பு ஓரமாகப் பச்சைப்பசேலென்று இலை. குனிந்து சோதித்தேன். சிறுநீரக வடிவம், சரி. அடியில் பிளவு, சரி. பிளவில் காம்பு, சரி. கணுவுக்குக் கணு வேர், சரி. பெட்டியிலிருந்து ஒரு தண்டு தப்பித்துக் கரிசலிலேயே இறங்கிவிட்டது! ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் வளர்கிறது! கரிசலுக்கேற்ற வல்லாரை ரகத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கேட் வரை போய்த் திரும்பிய இடத்துக்கு இந்தத் தடவை உள்ளேயே போகலாம் என்றிருந்தேன்.

அறுவடைக் குறிப்பு: தண்டை இழுக்காமல் நகத்தால் இலையை மட்டும் கிள்ள வேண்டும். தேங்காய், வரமிளகாய், உளுந்து வறுத்துத் துவையல். கசப்பு எதிர்பார்த்த அளவு இல்லை. அதையும் ரகத்தின் சிறப்பு என்று குறித்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மூன்று வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள். ஞாபகசக்தியை வல்லாரை கூட்டுகிறது என்று மருத்துவ ஆய்வுகள் இன்னும் அடித்துச் சொல்லவில்லை. புண் ஆற்றுவதில்தான் அதன் கெட்டிக்காரத்தனம். ஆய்வு கிடக்கட்டும். வகுப்புத் தேர்வில் கணக்கில் ஐம்பத்தொன்றிலிருந்து எழுபத்தெட்டு. வீட்டில் என் மதிப்பு உயர்ந்தது. சைக்கிள் விவகாரம்கூட மன்னிக்கப்பட்டது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தச் சந்தோஷத்தில்தான்.

நேற்றுச் சாயங்காலம் மதினி சுவரோரம் வந்து நின்றார். பழைய மனத்தாங்கலைத் தீர்க்கலாம் என்று ஒரு கைப்பிடி கிள்ளி நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். ஒரு இலையைத் தூக்கி, அதன் அடியில் சின்னதாகப் பூத்திருந்த மஞ்சள் பூவைக் காட்டினார்.

"வல்லாரையில என்னைக்குக் கொழுந்தனாரே மஞ்சப் பூ பூத்துச்சு? இது எலிக்காதுக் கீரை. எங்க ஆத்தா பருத்திக்காட்டுல இருந்து மடி நிறையப் புடுங்கிட்டு வந்து பருப்புல போட்டுக் கடைவா. மழை ஓஞ்சா கரிசக்காடு பூரா கெடக்கும். இதுக்கா மாசக்கணக்கா தண்ணி ஊத்துனீக?"

உள்ளே மகள் சத்தம் போட்டுக் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடியும் வரைக்கும் இதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று மதினியிடம் கேட்டுக்கொண்டேன். சரி என்றார். அடுத்த தடவை குழாயில் தண்ணீர் வரும்போது எங்கள் பங்கில் இரண்டு குடம் கொடுத்துவிட வேண்டுமாம். சுமந்துகொண்டு வந்து இறக்குவதும் நான்தானாம்.